நூல் கட்டிய முனை

எனக்கு முப்பத்தைந்து வயதிலேயே தலை வழுக்கையாகிவிட்டது. அப்படிப்பட்டவன் இருபத்தாறு வருடமாக அடுத்தவர் முடியைக் கழுவி, நறுக்கி, பொடியாக்கிப் பிழைத்திருக்கிறேன். நெதர்லாந்தில், குரோனிங்கன் நகரத்தில் இருக்கும் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். எனக்கு இளகிய மனது.

நீங்கள் கேட்டதால் வேலையைச் சொல்கிறேன். சாப்பாடு இல்லாத உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும். அப்போது ஒரு சின்ன அமிலம் உண்டாகும். ரத்தத்தில் அது தங்காது, முடியில் தங்கிவிடும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆறு சென்டிமீட்டரை ஆறாக நறுக்கி அளந்தால், ஒருவர் எந்த மாதம் பட்டினி கிடந்தார் என்று தெரிந்துவிடும். தலைப்பக்கம் எது, நுனி எது என்று குழம்பக் கூடாது. அதனால் வெட்டும்போதே தலையை ஒட்டிய முனையில் நூல் கட்டுவோம். எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

மார்ச்சில் என் தங்கை ஹில்யெவின் பிறந்தநாள். வழக்கம்போல வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அவளை நான் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கம்பளிச் சட்டை கொக்கியில் தொங்குவது போல இருந்தாள். அவள் கணவன் ரூலோஃப் கேக் வெட்டினான். எல்லோருக்கும் ஒரு துண்டு, அவளுக்கு மட்டும் விரல் அகலத்தில் ஒரு கீற்று.

"என்ன மாப்பிள்ளை, பொண்டாட்டிக்கே அளந்து போடுறியா?"

"டாக்டர் சொன்ன அளவு மச்சான். ஒரேயடியா ஏத்துனா அவ உடம்பு தாங்காது. அக்டோபர்ல நீ அவளைப் பாத்திருக்கணும். சோத்தைக் கண்டாலே அழுவா. இப்பத்தான் தேறி வர்றா."

"ஒரு கத்தை முடி வெட்டி அனுப்பு. எவ்வளவு தேறியிருக்கான்னு நான் சொல்றேன்."

"தாராளமா. உனக்குத்தான் ஊரான் முடி மேல அவ்வளவு ஆசையாச்சே."

ஹில்யெ சிரித்தாள். பயத்தில் சிரிக்கிறாள் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

முடி தபாலில் வந்தது. ஒரு முனையில் நீல நூல். சொந்தக்காரர் முடியை அளப்பது விதிப்படி குற்றம்; மதிய இடைவேளையில் அளந்தேன். நூல் இல்லாத முனையில் அமிலம் குறைவு. நூலை நெருங்க நெருங்க ஏறியது. நூலருகே நான் அதுவரை பார்த்திராத அளவு. அதாவது இந்த மாதம், இந்த வாரம், அவன் என் தங்கையைப் பட்டினி போட்டுக் கொன்றுகொண்டிருந்தான். வெளியே சொன்னால் என் வேலை போய்விடும்.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கிற பழக்கம் எங்கள் நாட்டில் கிடையாது. போன் செய்து நேரம் கேட்டேன்.

"சனிக்கிழமை பத்தரைக்கு வா. பன்னண்டுக்குள்ள கிளம்பிடணும், அவ சாப்பிடுற நேரம்," என்றான்.

பத்தரைக்கே போனேன். ஹில்யெ நடக்கப் போயிருந்தாள். பின்கட்டுக் கொட்டகையில் அவளுடைய சைக்கிளுக்கு அவன் காற்றடித்துக்கொண்டிருந்தான். என் கையில் என் சைக்கிளின் சங்கிலிப் பூட்டு; மூன்று கிலோ இருக்கும். முதல் அடி முழங்காலில். இரண்டாவது தோளெலும்பில். ஈர விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. பிறகு முடியை அளந்த அறிக்கையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். விளக்கம் சொல்லாமல் ஒருவனை அடிப்பது எனக்குப் பிடிக்காது.

அவன் தாளில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தான். "நூல் கட்டுன பக்கம்... தலைப்பக்கம்னா நெனச்ச?"

"வேற எப்படி?"

"நான் நுனியில கட்டினேன் மச்சான். பின்னலுக்குக் கீழதானே கட்டுவாங்க."

தாளைத் தலைகீழாகத் திருப்பினேன். அக்டோபரில் உச்சம். பிறகு மாதாமாதம் இறங்கி, மார்ச்சில் ஏறக்குறைய சாதாரணம். அவன் அவளுக்கு ஊட்டிய ஒவ்வொரு வாயும் அதில் தெரிந்தது. அவ்வளவு அழகான வரிசையை நான் அளந்ததே இல்லை.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு," என்றான். "ஏணியிலேர்ந்து விழுந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். அவளுக்குத் தெரிய வேணாம்."

நல்லவன். அப்படியே சொல்லியிருப்பான். ஆனால் என்றைக்காவது ஒரு பிறந்தநாளில், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது, சிரிப்புக்காகச் சொல்லிவிடுவான். இருபத்தாறு வருடத்தில் என் மேசையிலிருந்து ஒரு தவறான அறிக்கைகூட வெளியே போனதில்லை. மீதி அடிகளைத் தலையில் அடித்தேன். பதினொன்று என்கிறீர்கள். உங்கள் பிரேதப் பரிசோதனை மருத்துவர் எண்ணியிருந்தால் சரியாகத்தான் இருக்கும்.

அன்றிலிருந்து ஹில்யெ ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்றும் சொல்கிறீர்கள். வாய்ப்பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு கற்றை முடி வெட்டி வாங்கி வாருங்கள். நான் அளந்து சொல்கிறேன். அவளைக் கவனித்துக்கொள்ள இனி நான் ஒருவன்தானே இருக்கிறேன்.