ஊமையும் வாயாடியும்

ரெய்னர்ஸ் லேன் வீட்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நான் கட்டிக்கொண்டு போகும் கத்தரிக்காய்க் குழம்பு தாரிணிக்கு மிகவும் பிடிக்கும். மதுரைப் பிள்ளை. நான் ‘ஓம்’ என்னும்போதெல்லாம் சிரிப்பாள். “ஆமான்னு சொல்லுங்கக்கா. கோயில்ல நிக்கிற மாதிரி இருக்கு.”

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்தை எதிர்க்கும் மரபணுக்களை பாக்டீரியாக்கள் சின்ன வளையங்களாக ஒன்றுக்கொன்று கொடுக்கும். அந்தக் கொடுக்கலை அடக்கிவைக்கும் புரதத்தைக் கண்டுபிடித்தவள் நான். என் பெயர் அதில்தான் நிற்கிறது. அடக்கம் உள்ள பாக்டீரியாவுக்குத் தாரிணி ‘ஊமை’ என்று பெயர் வைத்தாள். அடக்கம் உடைந்ததற்கு ‘வாயாடி’. குழாய் மூடிகளில் ஊ, வா என்று எழுதுவாள். எங்கள் இருவருக்கு மட்டுமே அது விளங்கும். ஊமை தீங்கில்லாத ஆய்வுக்கூட வகை. வாயாடி ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது. மூடிய அறைக்குள் மட்டுமே திறக்கலாம்.

உடம்புச் சூட்டில் ஊமையும் வளையங்களைக் கொடுக்கிறது என்று தாரிணி கண்டாள். அப்படியானால் என் புரதம் மனித உடம்புக்குள் எதையும் அடக்கவில்லை. “எட்வேட்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சுக்கா,” என்றாள். எட்வேட் எங்கள் தலைவர். இன்னொரு தடவை செய்து பார் என்றேன். பிறகு இரண்டு மூடிகளையும் மாற்றிவைத்தேன். முடிவு குழம்பும், எட்வேட் அவளை நம்பமாட்டார் என்பதுதான் கணக்கு. மூடிய அறையை நான் மறந்திருக்கவில்லை.

ஊ என்ற மூடி போட்ட குழாயைச் சாதாரண மேசையில் வைத்துத் திறந்தாள். கண்ணாடி உடைந்து விரலைக் கிழித்தது.

ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை. எந்தக் கிருமி என்று மருத்துவர் கேட்டபோது என்னைப் பார்த்தாள்.

“நான் தொறந்தது ஊமைதானேக்கா?”

“ஓம்.”

அன்று அவள் சிரிக்கவில்லை. தீங்கில்லாத வகை, வழக்கமான மருந்தே போதும் என்று மருத்துவருக்கு மொழிபெயர்த்தேன். அந்த மருந்து வாயாடியை ஒன்றும் செய்யாது என்பது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். உண்மையைச் சொன்னால் மூடியைப் பற்றியும் சொல்லவேண்டும். காய்ச்சல் இறங்கிவிடும், வெட்கம் இறங்காது என்று நினைத்தேன்.

இரத்தச் சோதனை முடிவு வருமுன் இறந்துபோனாள்.

அதற்குள் மூடிகளைப் பழையபடி மாற்றியிருந்தேன். அவள்தான் குழாயை மாறி எடுத்துவிட்டாள் என்று விசாரணையில் முடிவானது. ஊ, வா என்றால் என்னவென்று விளக்கியபின், கவனமான பிள்ளை என்று மட்டும் சொன்னேன். அவளுக்காகப் பேசியதாகவே அப்போது நினைத்தேன்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வாய் வரவில்லை, ஊமையாகிவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிவந்தேன். போன வாரம் அவள் அம்மா மதுரையிலிருந்து அழைத்தார். “கடைசி வரைக்கும் எம்பொண்ணுக்குத் துணையா நீங்க இருந்தீங்கல்லம்மா?” என்று கேட்டார்.

வாய் உடனே வந்தது. ஓம் என்றேன்.