மகோகனி அலமாரியும் நான்கு கல் கிண்ணங்களும்

என் பெயர் பஷீர் அகமது, வயது 58, த/பெ அப்துல் ரசாக். ஏற்காடு கடைவீதியில் குடியிருந்து, பழைய மரச் சாமான்களைப் பழுது பார்த்து பாலிஷ் போடும் தொழில் செய்து வருகிறேன். மரத்தில் என்னை ஏமாற்ற இந்த மலையில் ஆள் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளும்படி போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரைக் கேட்டுக்கொண்டேன்.

சென்ற மாதம், கரடியூர் சாலை எஸ்டேட் பங்களாவின் உரிமையாளர் நந்தினி என்னை அழைத்து, தம் மகோகனி புத்தக அலமாரிக்குப் பாலிஷ் போடச் சொன்னார். அது தம் பாட்டனார் காலத்தில் லண்டனிலிருந்து கப்பலில் வந்தது என்றார். உச்சி கிரேக்கக் கோயில் முகப்பு மாதிரி முக்கோணமாகவும், கண்ணாடிக் கதவுச் சட்டங்கள் மாதாகோயில் ஜன்னல் மாதிரி கூரிய வளைவாகவும், பக்கங்களில் சீனத்துப் பின்னலாகவும் இருந்தன. இங்கிலீஷ் தச்சர்கள் பல தேசத்து வேலையைப் பார்த்து எடுத்துக்கொண்ட அதே பாணி. ஆனால் குனிந்து பார்த்தபோது, அடிப்பலகைக்குப் பின்னால் நான்கு குட்டைக் கால்கள் தெரிந்தன. கரையான் ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதற்கென்றே சேர்த்துச் செய்தவை. லண்டன் தச்சருக்கு அந்தக் கவலை வந்திருக்காது. செய்தவர் நம் பக்கத்து ஆள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நந்தினி பெருமையாகப் பேசிக்கொண்டிருந்ததால் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதன் பின்பு என் வேலையாள் மாரமங்கலம் கருப்பண்ணன் அலமாரியை டெம்போவில் கடைக்குக் கொண்டுவந்து, பாலிஷ் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அதன் பின்பு சென்னையிலிருந்து அலமாரியைப் பார்க்க வந்த ஒருவர் இது இங்கிலீஷ் சாமானே இல்லை என்று சொல்ல, நாங்கள் அசலை எடுத்துக்கொண்டு நகலை வைத்துவிட்டதாக நந்தினி புகார் கொடுத்தார். கருப்பண்ணன் நேற்று முதல் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி அத்தாயி வெளியே நிற்பதைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

இன்று காலை இன்ஸ்பெக்டருடன் பங்களாவுக்குப் போய், வராந்தாவில் கள்ளிச்செடி வைத்திருந்த நான்கு கல் கிண்ணங்களைக் கவிழ்க்கச் சொன்னேன். தான் பிறந்ததிலிருந்து அவை அங்கேதான் இருக்கின்றன என்று நந்தினியே சொன்னார். மண்ணைத் தட்டியதும் உள்ளே கால் நிற்கும் குழி தெரிந்தது. மூன்று குழி வட்டம், ஒன்று சதுரம். அலமாரியைச் சாய்த்துக் காட்டினேன். மூன்று கால் வட்டம், ஒன்று சதுரம். தூக்கி வைத்ததும் நான்கும் கச்சிதமாக உட்கார்ந்தன.

"அப்ப இது லண்டன்ல செஞ்சது இல்லீங்களா?" என்று நந்தினி கேட்டார்.

"இல்லீங்கம்மா. ஆனா இது உங்க ஊட்டு அலமாரிதானுங்க" என்றேன்.

நான் எதையும் மாற்றவில்லை. தெரிந்தும் தலையாட்டியது மட்டும் என் தப்பு. அதற்கு வழக்கு உண்டென்றால் என் மேல் போடலாம். கருப்பண்ணனை மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

மேலே கண்டதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே உள்ளது. தலையாட்டிய வரியை எடுத்துவிடலாமா என்று ரைட்டர் கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) பஷீர் அகமது