எட்டு மாசக் கப்பல்

இல்ல டாக்டரம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. வெளிய பெஞ்சுல தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கானே, நாப்பத்தோரு வயசு, அவனோட அப்பன் நான். போன வாரம் அவன்கிட்ட கேள்வி கேட்டு ஒரு ஃபாரம் நிரப்பினீங்கல்ல, அதுல ஒரு கட்டம் தப்பு. திருத்திட்டுப் போயிடறேன். அஞ்சே நிமிஷம். சரி, பத்து. என் வாயப் பத்தி உங்களுக்கு இன்னும் தெரியாது.

வேலை போனது, பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனது, முதுகுவலி, தூக்கம் வராதது, எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லியிருப்பான். அதெல்லாம் நெசம். குடும்பத்துல யாருக்காவது மனச்சோர்வு இருந்துச்சான்னு ஒரு கட்டம் இருக்குல்ல? அதுல இல்லைன்னு சொல்லிட்டானாம். அவனேதான் எங்கிட்ட சொன்னான். எங்கப்பா மாதிரி கலகலப்பான ஆளுக்குப் பொறந்துட்டு நான் ஒருத்தன்தான் இப்படிக் கோணலாப் போயிட்டேன்னு இதே நாற்காலியில உக்காந்து அழுதானாமே.

கலகலப்புதான், மறுக்கல. லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன் நான். கப்பல்லகூட எட்டு மாசம். ஏம்மா சிரிக்கிறீங்க? கப்பல்ல லிஃப்ட் இருக்கக் கூடாதா? பதினாலு மாடிக் கப்பல். இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு லெட்டர் போட்டா மூணு நாள் ஆகும். சமையக்காரன் அண்டாவுக்குள்ள படகு விட்டுத்தான் கிண்டுவான்.

ஒருநாள் பிரேக் பிடிக்கல. லிஃப்ட் கடைசி மாடியத் தாண்டி இன்னும் ஒரு மாடி எறங்கிடுச்சு. கதவு தெறக்குது, பாத்தா, மீனுங்க வரிசையில நிக்குதுங்க! பெரிய சுறா ஒண்ணு குறுக்க பூந்து ஏறப் பாத்துச்சு. வரிசையில வாய்யான்னு ஒரு அதட்டு அதட்டினேன். பாவம், கடைசியில போய் நின்னுச்சு. தண்ணி உள்ள வரலையாவா? வந்துச்சு. ஆனா எடை கூடிடுச்சுன்னு மணி அடிச்சதும் அதுவே எறங்கிடுச்சு. நல்லா வளத்த தண்ணி.

இருங்க, இருங்க, விஷயத்துக்கு வர்றேன். பேனாவ மூடாதீங்க.

ரத்த சொந்தத்துல யாருக்காவது இருந்தா, வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடன்னு அவன்கிட்ட சொன்னீங்களாம். வந்தே தீரும்னு இல்லைன்னும் சொன்னீங்களாம். அத அவன் எங்கிட்ட சொன்னதுலேர்ந்து எனக்கு சாப்பாடு எறங்கல.

அவன் ஏழு வயசுல எட்டு மாசம் அத்தை வீட்ல இருந்தான். அப்பா கப்பல் வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லி அவங்கம்மாதான் கொண்டுபோய் விட்டா. திரும்பி வந்ததும் மொதக் கேள்வி, கப்பல் எப்படிப்பா இருந்துச்சு? பெருசுன்னேன். எவ்ளோ பெருசு? மாட்டிக்கிட்டேன். வாயில வந்ததுதான் அந்த மீனுங்க. விழுந்து விழுந்து சிரிச்சான்மா. அந்தச் சிரிப்பப் பாத்தப்புறம் என்னால நிறுத்த முடியல. முப்பத்தி நாலு வருஷம் ஓட்டிட்டேன். அவங்கம்மாவும் போய்ச் சேந்துட்டா, கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை விடல.

கப்பலா? நான் கரையிலேர்ந்து கடலப் பாத்ததோட சரி. அந்த எட்டு மாசமும் எங்க வீட்டுப் பின்னாடி ரூம்ல செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தேன். பல்லு தேய்க்கக்கூட எந்திரிக்கல. தாடி மட்டும் ஒழுங்கா வேலை பாத்துச்சு. அவதான் ஒரு டாக்டரத் தேடிப் பிடிச்சு, கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. மாத்திரை சாப்பிட்டேன். மெதுவா எந்திரிச்சேன். ஆமாம்மா, அதேதான். இவனுக்கு இப்ப இருக்கே, அதேதான்.

எழுதுங்க. அப்பாவுக்கு இருந்துச்சு, எட்டு மாசம், அப்புறம் தேறிட்டாரு. தேறிட்டாருங்கறத மட்டும் கொஞ்சம் பெருசா எழுதுங்க.

இப்ப அவன உள்ள கூப்பிடுங்க. என் வாயாலயே சொல்லிடறேன். ஒண்ணே ஒண்ணு, பழக்க தோஷத்துல நடுவுல நான் சிரிச்சுத் தொலைச்சாலும், நீங்க கூட சேந்து சிரிச்சுடாதீங்கம்மா. இதையும் கதைன்னு நெனச்சுக்குவான்.