வீடு முழுக்க பிஸ்கட் கலர்

பிஸ்கட் கலர் எந்த வீட்டுக்கும் பொருந்தும். பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று இருபத்திரண்டு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புருஷன் பச்சை என்பான், பெண்டாட்டி ஊதா என்பாள், கலர் அட்டையை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். நான் நடுவில் புகுந்து, வெள்ளையில் கொஞ்சம் பழுப்பும் மஞ்சளும் விட்டு, ஒரு சொட்டு சிவப்பும் சேர்த்துக் கலக்கிக் காட்டுவேன். நன்றாக வெந்த பிஸ்கட் மாதிரி, கதகதப்பான ஒரு நிறம் வரும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். "இது பரவாயில்லையே" என்பார்கள். அழுக்குத் தெரியாது, கண்ணை உறுத்தாது, வீட்டிலிருக்கும் எந்தச் சாமானோடும் சண்டைக்குப் போகாது.

அதனால் என் வீட்டுக்கும் அதையே அடித்தேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நீங்கள் மட்டும்தான் கேட்டீர்கள், டீச்சர். வாசலில் நின்று அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க எனக்குத் துணிச்சல் வராது.

உங்களுக்குத் தெரிந்ததிலிருந்தே வருகிறேன். என் மகளுக்குப் பதினேழு வயதில் கண் நரம்பு வாட ஆரம்பித்தது. அவளுக்கு இருபது நடக்கும்போது அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளுக்கு முகம் தெரியாது, எழுத்து தெரியாது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோடு மட்டும் தெரியும். வெள்ளைத் தட்டில் கறுப்புக் கரண்டி கிடந்தால் எடுத்துவிடுவாள். வெள்ளைக் கரண்டி என்றால் தடவித்தான் எடுக்க வேண்டும். பார்வை குறைந்தவர்களுக்கு நடமாடச் சொல்லித் தருகிற டீச்சர் என்று கண் ஆஸ்பத்திரியில் உங்களை அனுப்பி வைத்தார்கள். நீங்கள் வந்து வீட்டையே அவளுக்கு ஒரு புத்தகம் மாதிரி ஆக்கிக் கொடுத்தீர்கள். சுவர் வெள்ளை, கதவு நிலைகள் கருநீலம், சுவிட்சுகளைச் சுற்றி ஒரு கறுப்புச் சதுரம், மாடியறைக்குப் போகும் பதினான்கு படிகளின் விளிம்பிலும் ஒரு விரல்கடை அகலத்துக்கு மஞ்சள் கோடு. எல்லா வண்ணத்தையும் நான்தான் கலந்து கொண்டுவந்தேன். மஞ்சள் மட்டும் மூன்று தடவை சரிவரவில்லை. நான்காவது தடவை படியைப் பார்த்து, "இப்ப தெரியுதுப்பா" என்றாள்.

நல்ல தகப்பன் என்று நீங்கள் நினைக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த நிறம் அவளுக்கு என்ன செய்கிறது என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் கிடையாது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

ஒரு வருஷத்தில் அவள் வீட்டுக்குள் பூனை மாதிரி வளைய வந்தாள். சமைத்தாள், துவைத்தாள், என்னை மிரட்டினாள். "அப்பா, துண்டை மறுபடி நாற்காலி மேல போட்டிருக்கீங்க." பிறகு அந்த வேலை வந்தது. போனில் வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்டுத் தீர்த்து வைக்கிற அலுவலகம். ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். தங்குவதற்குப் பெண்கள் விடுதி. கடிதம் வந்ததும் கடைக்குப் போன் போட்டாள்.

"அப்பா, கிடைச்சிடுச்சுப்பா."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். பக்கத்தில் டப்பா குலுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குலுக்கி முடித்த பிறகும் அதை நிறுத்தாமல் விட்டேன். என் குரல் அவளுக்குச் சரியாகக் கேட்க வேண்டாம் என்றுதான்.

வேலைக்குப் போகுமுன் பத்து நாள் பயிற்சி முகாமுக்கு அவளை நீங்கள் அழைத்துப் போனீர்கள். அந்தப் பத்து நாளில்தான் அடித்தேன்.

கடைக்கு வழக்கமாக வரும் பெயிண்டரைக் கூப்பிட்டேன். சுவர், கதவு, நிலை, ஜன்னல் சட்டம், மாடிப்படிக் கைப்பிடி, எல்லாமே ஒரே டப்பா. தரை முதலிலிருந்தே அந்த நிறம்தான். பளபளப்பே இல்லாத ரகமாகப் பார்த்து எடுத்தேன். பளபளப்பு இருந்தால் வெளிச்சம் பட்டு மூலைகள் தெரிந்துவிடும். சுவிட்சைச் சுற்றியிருந்த கறுப்பும் போனது. மனிதர் ஒன்றும் கேட்காமல் செய்துகொண்டே வந்தார். படிக்கட்டுக்கு வந்ததும் பிரஷைக் கீழே வைத்தார்.

"சார், இந்த மஞ்சக் கோடு பாப்பாவுக்காகப் போட்டதுதானே? இதை விட்டுடறேன்."

"எல்லாத்தையும் அடிச்சிருங்க. அப்புறம் புதுசாப் போட்டுக்கலாம்."

"அப்போ நீங்களே அடிச்சுக்குங்க சார். எனக்குக் கை வரல."

பிரஷ்களைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு கடைக்கு வந்தாலும் சரக்கை வேறு ஆளிடம்தான் கேட்டு வாங்குகிறார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மேல்படியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்கினேன். அப்புறம் போட்டுக்கொள்ளலாம், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று பத்தாவது படி வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்குக் கீழே அதையும் சொல்லவில்லை. வெறுமனே அடித்தேன்.

அவள் திரும்பி வந்தது பகல் பதினோரு மணிக்கு. எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. வாசலைத் தாண்டி இரண்டடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, ஏன் இருட்டா இருக்கு?"

"இருட்டு எங்கம்மா இருக்கு, நல்ல வெயில். பெயிண்ட் அடிச்சிருக்கேன். நீ ஊருக்குப் போறதுக்குள்ள வீடு பளிச்சுன்னு இருக்கட்டும்னு."

"நிலையெல்லாம் அதே நீலம்தானே? படியில கோடு இருக்குல்ல?"

"எல்லாம் அப்படியே இருக்கும்மா" என்றேன். வாய் கூசவில்லை. கூச்சமெல்லாம் பிறகுதான் வந்தது.

அதற்கப்புறம் நான் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வீடே பார்த்துக்கொண்டது. கதவு என்று நினைத்துச் சுவரில் மோதினாள். சுவர் என்று நினைத்துத் திறந்திருந்த கதவில் சாய்ந்தாள். சுவிட்சைத் தேடிக் கை சுவரெல்லாம் அலைந்தது. ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். "பார்த்தும்மா, நான் இருக்கேன்ல" என்றேன். அந்தக் கை ஒரு வருஷத்துக்கு மேலாக என் கைக்கு வந்ததில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது, டீச்சர். இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் பிடித்திருந்தது.

கண் ரொம்பப் போய்விட்டது என்று அவளே முடிவு கட்டினாள். டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னாள். இரண்டு வாரம் தள்ளிப் போட்டுப் பார்த்தேன், அதற்கு மேல் முடியவில்லை. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, போன வருஷம் இருந்தபடியே இருக்கிறது, இம்மியும் குறையவில்லை என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில், "கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்போ எனக்குத்தான் மனசுல தைரியம் போயிடுச்சு போலப்பா" என்றாள்.

வண்டியை நிறுத்தச் சொல்லி, நடுத்தெருவில் இறங்கி அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "அப்படியும் இருக்கும்மா. ஊருக்குப் போற பயம்."

அந்த வாரமே வேலை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டாள். எழுதியதைப் போனையே வாசிக்க வைத்து என்னையும் கேட்கச் சொன்னாள். அன்று சாயங்காலம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஏதோ ஒரு பழைய பாட்டை என் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். குழாயை மூடினேன். ஒரு மனுஷன் இப்படியும் இருப்பானா என்று தோன்றியது. பிறகு மிச்சப் பாத்திரத்தையும் கழுவி வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் போன் செய்தீர்கள். அலுவலகத்தில் பேசிவிட்டதாகவும், மாசக் கடைசி வரைக்கும் இடத்தை வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் காலையில் மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டாள். "தினம் இருபது தடவை ஏறி இறங்கினா பயம் போயிடும்பா. எண்ணிக்கிட்டே வரேன், கோடு தெரியாட்டியும் பரவாயில்லை." கோடு தெரியாட்டியும். இல்லாத கோட்டைக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நினைத்து, அதையும் தாண்டிவிடப் பார்த்தாள்.

ஐந்தாவது நாள் எண்ணாமலே இறங்குகிறேன் என்றாள். எண்ணினால் அது குருட்டுக் கணக்கு, கண்ணால் பார்த்து இறங்க வேண்டும் என்றாள். நான் சட்டை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பியவன், படிக்குக் கீழே நின்றிருந்தேன். பதினோராவது படிக்கு வந்து நின்றாள். கீழே இன்னும் மூன்று படி. தலையைக் குனிந்து, கண்ணைச் சுருக்கி, பாதத்துக்கு முன்னால் தேடினாள். எதைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும். தரையும் படியும் கைப்பிடியும் சுவரும் அவளுக்கு ஒரே பிஸ்கட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

"அப்பா, கீழ வந்துட்டேனா?"

நான் "ம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவள் என்னை நம்பி, சமதரையில் நடப்பது போலக் காலை எடுத்து வைத்தாள்.

கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துபோயிற்று. வலது மணிக்கட்டும் போயிற்று. ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். கால் தவறி விழுந்துவிட்டாள், நான் அப்போது சமையலறையில் இருந்தேன் என்றேன். கட்டிலில் கிடந்தவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் அவள் துணிமணிகளை எடுக்க நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "நல்ல கண்ணு இருக்கிற எனக்கே இங்க நிலை எது, சுவர் எதுன்னு தெரியலையே" என்றீர்கள். அப்புறம்தான் அந்த 'ஏன்'. அவளிடம் நீங்கள் என்ன சொன்னீர்களோ தெரியாது. அன்று மத்தியானம் நான் போனபோது கேட்டாள்.

"மஞ்சக் கோடு கூடவா அப்பா?"

"ஆமாம்மா" என்றேன். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அந்த 'ம்'மைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்காம் நாள் மாவுக்கட்டோடு உங்களோடு போய்விட்டாள். ஐந்து மாதமாகிவிட்டது.

வீட்டில் தனியாகிவிடுவேன் என்ற பயம்தான் காரணம் என்று உங்களிடம் சொல்லலாம் என்றிருந்தேன். அது பாதிதான் உண்மை. அவளால் முடியும் என்று எனக்குத் தெரிந்து போயிற்று. அதைத்தான் தாங்க முடியவில்லை. கடையில் யாராவது வந்து பிஸ்கட் கலர் கேட்டால் இப்போதெல்லாம் டப்பாவைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுகிறேன். செய்ததற்குப் பெயர் எனக்குத் தெரியும். என் மகளைக் குருடாக்கினேன். எந்த மாற்றுப் பேச்சும் இல்லை, எங்கே எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.

இவ்வளவையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். ஆகவே அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று சொல்வதில் உங்களுக்கு இனிமேல் தயக்கம் இருக்காது. அவள் தானாகவே இரண்டு பஸ் மாறி வேறொரு வேலைக்குப் போகிறாள், விடுதியில் எல்லோருக்கும் செல்லம் என்று போன தடவை சொன்னீர்கள். நான் வருத்தப்படக் கூடாதே என்று சொல்கிறீர்கள், அது எனக்குப் புரியாமலில்லை. தனியாக இருக்க அவளால் முடியாது, டீச்சர். பெற்றவனுக்குத் தெரியாதா?