முனியாண்டியிடம் கொடுத்த வாக்கு

லார்க்கின் பஸ் நிலையத்திலிருந்து சிம்பாங் ரெங்கம் போகும் பஸ்ஸில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் இருந்தோம். முன் இருக்கையில் நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும்.

“முனியாண்டிகிட்ட கேட்டீங்க. என்கிட்ட கேட்டீங்களா?” என்று அந்த அம்மாள் சொன்னதும் நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

விலைக்கு வந்திருப்பது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் மூன்று ஏக்கர், நடுவில் ஒரு பலகை வீடு. போன வாரம் கணவர் மட்டும் போய்ப் பார்த்திருக்கிறார்.

“நிலத்து மூலையில முனியாண்டி சாமி இருந்துச்சு லா. கற்பூரம் ஏத்துனேன். இந்த எடத்த வாங்கி வருஷா வருஷம் கெடா வெட்டுறேன்னு வாய்ல வந்துருச்சு.”

“நல்லா வந்துச்சு. வாரத்துல ஆறு நாள் நீங்க சிங்கப்பூர்ல. பாம்போட அங்க தனியா இருக்கப் போறது யாரு? என் ஃபேக்டரி பஸ் உலு திராம தாண்டி அங்க வருமா?”

“வராதுதான்.”

“சாமிக்கு வெளக்கு யாரு வைக்கிறது?”



“வாக்கு குடுத்துட்டேன்மா. மாத்துனா சாமி சும்மா விடாது.”

“லோனுக்கு என் கையெழுத்தும் வேணும்னீங்களே. அதையும் சாமியே போடட்டும்.”

‘என்கிட்ட கேட்டீங்களா’ என்பதை அந்த அம்மாள் வழி நெடுக ஏழு முறை கேட்டிருந்தார். எட்டாவது முறை கேட்கவில்லை. பஸ் ஊருக்குள் திரும்பியதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“எறங்குனதும் கற்பூரம் வாங்குங்க. இந்த வாட்டி நான் ஏத்துறேன். இந்த எடம் வேணாம்னு நானே சாமிகிட்ட சொல்லிக்கிறேன்.”