குடிக்காதவருக்கு ஒரு கயிறு

— கைய நீட்டிக்கிட்டு நில்லுங்க. முன்னால ரெண்டு பேருதான் இருக்காக. பூசாரி கயித்தக் கட்டிட்டா அப்புறம் ஒரு சொட்டுத் தொடக் கூடாது.

— மெதுவாப் பேசு ராஜாத்தி. பின்னால பண்ணைப்புரத்து ஆளுக நிக்கிறாக.

— அவுகளும் குடிய விடத்தான வந்திருக்காக. உங்க கண்ணு மஞ்சக் கெழங்காட்டம் கெடக்கு. சுருளியாண்டிக்குக் குடிச்சே ஈரலு வெந்துருச்சுன்னு ஊரே உங்களப் பேசுது.

— அதான் ஒத்துக்கிட்டேன்ல. குடிச்சேன்.

— என்னத்த?

— பிராந்தி.

— எப்பிடி இருந்துச்சு?

— இனிப்பாத்தான். லேசா ஏலக்கா வாசம்.

— எதுல கலந்து குடிச்சீக?

— மோருல. உப்புப் போட்டு.

— பின்னால நிக்கிறவரு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாரு பாருங்க.

— சிரிக்கட்டும். குடிகாரன்னா ஊரு சிரிச்சிட்டு மறந்துரும்.

— ராத்திரி வேர்த்துக் கொட்டுதே, அதுவும் பிராந்தியா?

— ஆமா.

— மாரு பொம்பளப் புள்ளைக்காட்டம் பூரிக்குதே?

— ஒசந்த பிராந்தி.

— தோட்டத்து மோட்டார் ரூமுல, ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள வெள்ளை மாத்திரை இருந்துச்சே?

— அது தொட்டுக்க.

— மருந்துக்கடை சாராள் அக்காட்டக் காட்டுனேன். ஆம்பளைக்கு அடிவயித்துக்குக் கீழ புத்துநோய் வந்தா குடுக்கிறதாம். சிலருக்கு ஈரலக் கெடுத்துருமாம்.

— சாராளுக்கும் தெரிஞ்சு போச்சா?

— எனக்கே நேத்துதான் தெரியும். டாக்டர் என்ன சொன்னாக?

— மதுரை ஆஸ்பத்திரியில இந்த மாத்திரைய ஒடனே நிப்பாட்டணும்னாக. பதிலுக்கு ஊசியாம். அதுக்கு வீட்டம்மாளக் கூட்டிட்டு வாங்கன்னாக.

— கூட்டிட்டுப் போக வேண்டியதுதான?

— ஒன்னைய உக்கார வச்சுக்கிட்டு அந்த எடத்தப் பத்தி எப்பிடிப் பேசுறது?

— அதுக்குப் பதிலா குடிகாரன் ஆயிட்டீக.

— ஊசியும் இல்லாம மாத்திரையும் விட்டா உள்ள இருக்கது வளந்துருமேத்தா. பயந்துக்கிட்டு இன்னைக்கும் ஒண்ணு முழுங்கிட்டுத்தான் வந்தேன்.

— தெரியும். எண்ணிப் பாத்துட்டுத்தான் கெளம்புனேன்.

— எல்லாந் தெரிஞ்சும் எதுக்கு என்னைய இங்கன இழுத்துட்டு வந்த?

— அடுத்த ஆளு வாங்க. எத விடுறீக? பிராந்தியா, கள்ளா?

— ரெண்டையும் இவரு மோந்து கூடப் பாத்ததில்ல பூசாரியய்யா. இந்தா, இந்த மாத்திரைக்குக் கட்டுங்க, டாக்டர் சொல்லியும் விட மாட்டேங்கிறாரு. வெரசாக் கட்டுங்க, மதுரை பஸ்ஸப் பிடிக்கணும். அங்கன இவரு வீட்டம்மாள வரச் சொல்லிருக்காக.