இமையைத் தாங்கிய விரல்

எனக்கு மாட்டுவண்டி ஒத்துக்கொள்வதில்லை, இன்ஸ்பெக்டர். கல் ரோட்டில் கொஞ்ச தூரம் போனாலே இடுப்பு விட்டுப்போகும். திருச்செங்கோட்டில் டாக்டராக இருந்துகொண்டு கந்தப்பன் தோட்டத்துக்குக் காலையும் மாலையும் அந்த வண்டியில் போய்வந்தவன் நான். முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் மனைவி சென்னியம்மாளுக்குப் பொழுது சாயச் சாய இமை தொங்கிவிடும். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். களியை மெல்லும்போதே தாடை நின்றுபோகும். சோம்பேறி என்றார்கள், காத்துக்கருப்பு என்றார்கள். இரண்டும் இல்லை. யாருக்குமே நரம்பு தசையைத் தொடுவதில்லை. நடுவே சிறு இடைவெளி. நரம்பின் நுனியில் அசெட்டைல்கோலின் என்ற ரசாயனம் கசிந்து அந்தப் பக்கம் போய்ச் சொன்னால்தான் தசை அசையும். சொன்னதும் அதை அழிக்க இன்னொரு பொருள் காத்திருக்கும். இதே ரசாயனம் இதயத்தில் துடிப்பைக் குறைக்கும். முடுக்கிவிட அங்கே அட்ரினலின் போன்ற வேறொன்று உண்டு. சென்னியம்மாளுக்குச் சேதி தசையில் சரியாக ஏறவில்லை, அவ்வளவுதான்.

புராஸ்டிக்மின் ஊசி போட்டால் அழிக்கும் பொருள் அடங்கும், சேதி தங்கும். சற்று நேரத்தில் எழுந்து உட்காருவாள், சாப்பிடுவாள். மகளைக் கூப்பிட்டு அவசர அவசரமாகச் சடை பின்னிவிடுவாள். சில நாள் பின்னி முடிக்குமுன்பே கை விழுந்துவிடும். மறுபடி வண்டி வரும். நோய் குணமாகாது, ஆளையும் விடாது. நான் களைத்துப்போனேன். அதை யாரும் கேட்கவில்லை.

கடைசியில், வைத்தியத்தைத் தொடரலாமா என்று குலதெய்வத்திடம் பூக் கேட்டு வரும்படி கந்தப்பனிடம் சொன்னேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிடுவார்கள். இதையெல்லாம் நம்பாத நான் அன்று சிவப்புக்காக வேண்டிக்கொண்டேன்.

அவர் சிரித்த முகமாக வந்தார். "வெள்ளப் பூ வந்துருச்சுங்க. இனி அவ உசுரு உங்க கையிலதானுங்க," என்றார். வாசலில் வண்டி நின்றது.

சிவப்பு வந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

உங்கள் மேசைமேல் இருக்கும் குப்பி கொயினாதான். மலேரியாவுக்கு ஊருக்கெல்லாம் போடுவது. நல்ல உடம்பு தாங்கும். அவளைப் போன்றவர்களுக்கு மிச்சமிருக்கும் சேதியையும் அது தசையில் ஏறவிடாது. அதைப் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். புராஸ்டிக்மின் தீர்ந்துவிட்டதா என்று கேட்டீர்கள். இல்லை, அன்று அதுவும் என் பையில் இருந்தது.

வழக்கம்போலக் கையை நீட்டினாள். "வெரசாப் போடுங்க சாமி, புள்ளைக்குச் சடை பின்னோணும்," என்றாள். போட்டேன். மகள் சீப்போடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சென்னியம்மாளின் தலை சாய்ந்தது, பேச்சு நின்றது, மூச்சு மேலோட்டமாயிற்று. கந்தப்பன் பதறினார். மருந்து ஏற நேரமாகும் என்று சொல்லி, வெந்நீர் வைக்க அனுப்பினேன்.

கடைசியாக ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்து என்னையே பார்த்தாள். அலைச்சல் தீர்ந்ததென்று நன்றி சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.